தண்ணீர்மலையில் ஒரு தாய் சீ வகுப்பு: ஓராண்டுக்குப் பிறகு எழுதும் மதிப்புரை

பினாங்கின் தண்ணீர்மலைப் பகுதியில் உள்ள தாவரவியல் பூங்காவில், நாகலிங்க மரங்களுக்குச் சற்றுத் தள்ளி, தார் போட்ட சிறிய வெளி ஒன்றில், திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாளும் காலை ஏழேகாலுக்கு, மெதுவான அசைவுகளால் ஆன சீனத் தற்காப்புக் கலையான தாய் சீக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, சீருடை கிடையாது, ஒலிபெருக்கியில் இசையும் கிடையாது. வழக்கமாகப் பதினான்கு பேர் வருவோம். ஆசிரியை அறுபதைக் கடந்த சீனப் பெண்மணி. தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், நாங்கள் அழைப்பதைப் போலவே இங்கும் சீஃபு (ஆசான்) என்றே குறிப்பிடுகிறேன். இந்த வகுப்பில் நான் சேர்ந்து ஓராண்டு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஐம்பதைத் தாண்டிய நம்மவர்கள் பலர், மூட்டுவலிக்கு மருத்துவர் தாய் சீ செய்து பாருங்கள் என்று சொன்னதும், எதைப் பார்த்துச் சேர்வது என்று தெரியாமல் பக்கத்து வீட்டார் போகும் இடத்துக்கே தாமும் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் முதலில் வேறோர் இடத்தில் சேர்ந்து, வலியைக் குறைக்கப் போய் வலியை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த அனுபவமும் இந்த வகுப்பின் அனுபவமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் இதை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் சேர்ந்த இடம் எது என்று சொல்லப் போவதில்லை. அங்கே கற்பித்தவர் நல்லவர், உழைப்பாளி. குறை அவருடைய முறையில் இருந்தது. சுவரில் பழைய படம் ஒன்று மாட்டியிருக்கும். அந்தப் படத்தில் இருக்கும் நிலையில்தான் எல்லாரும் நிற்க வேண்டும். இரண்டு பாதங்களும் இணைகோடாக, முழங்கால் குறிப்பிட்ட அளவுக்கு மடங்கி, இடுப்பு குறிப்பிட்ட உயரத்தில். என் வலது பாதம் எப்போதும் சற்று வெளிப்பக்கம் பார்த்தே நிற்கும். அவர் ஒவ்வொரு முறையும் வந்து தம் காலால் என் பாதத்தை மெல்லத் தட்டி உள்ளே திருப்புவார். நானும் மாணவிக்கு உரிய பணிவோடு அப்படியே நிறுத்திக்கொள்வேன். நான்காவது மாதத்தில் வலது முழங்காலின் உட்புறம் வலிக்கத் தொடங்கியது. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டேன். அந்தப் படிகள் ஐந்நூற்றுக்கு மேல். அதற்கு முந்தைய ஆண்டு நில்லாமல் ஏறியவள் நான்.

பிசியோ சிகிச்சைக்குப் போனபோது, அங்கிருந்த இளம் பெண் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கி, காலை உள்ளும் வெளியுமாகச் சாய்த்துப் பார்த்தார். இடது கால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு திரும்பியது. வலது கால் ஒரு பக்கம் தாராளமாகத் திரும்பியது, மறுபக்கம் கொஞ்சம் போனதும் கதவு தாழ்ப்பாளில் முட்டுவது போல நின்றுவிட்டது. தொடை எலும்பின் கழுத்து, தண்டோடு சேரும் கோணம் ஆளுக்கு ஆள் மாறும் என்றும், ஒரே ஆளுக்கே இரண்டு காலிலும் மாறலாம் என்றும், இடுப்புக் குழி எந்தப் பக்கம் பார்த்து அமைந்திருக்கிறது என்பதும் அப்படியே என்றும் அவர் விளக்கினார். தசை இறுகியிருந்தால் நீட்டிப் பயின்று சரிசெய்யலாம். எலும்பின் அமைப்பைப் பயிற்சியால் மாற்ற முடியாது. என் வலது தொடை இயல்பிலேயே வெளிப்பக்கம் பார்க்கிறது. பாதத்தை வலிந்து நேராக்கியபோது தொடை ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமும் இழுக்க, நடுவில் அகப்பட்ட முழங்கால் நான்கு மாதம் முறுக்கப்பட்டிருக்கிறது. முழங்கால் மடங்கி நீள்வதற்கென்று அமைந்த மூட்டு, திரும்புவதற்கு அதில் இடம் மிகக் குறைவு. திரும்பும் வேலை இடுப்பு மூட்டுக்கு உரியது. இடுப்பு செய்ய மறுத்ததை முழங்கால் செய்து அடிபட்டிருக்கிறது.

அதன் பிறகு இந்த வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளில் சீஃபு எனக்கு ஒரு நிலையும் கற்றுத்தரவில்லை. கண்களை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே இருபது முறை கால் மாற்றி மாற்றி நடக்கச் சொன்னார். நடந்தேன். நில்லுங்கள் என்றார். நின்றேன். கண்ணைத் திறக்க விடாமல், குனிந்து, என் இரண்டு பாதங்களைச் சுற்றியும் சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டார். அந்தச் சுண்ணக்கட்டி செருப்பின் ஓரத்தில் உரசிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு கண்ணைத் திறந்து பின்னால் வரச் சொன்னார். தரையில் இடது பாதம் கிட்டத்தட்ட நேராகவும், வலது பாதம் நன்றாகவே வெளிப்பக்கம் திரும்பியும் வரையப்பட்டிருந்தன. அவர் மலாயும் ஹொக்கியனும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். அந்தப் படத்தைக் காட்டி, “சிக்கு, இதுதான் உங்கள் வீடு. வெளியே எங்கே போனாலும் இங்கே திரும்பி வரலாம்,” என்றார். நான் தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் என்பதால் இந்த வகுப்பில் எனக்கு, மலாயில் ஆசிரியரைக் குறிக்கும் சிக்கு என்பதே பெயர். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். என் உடம்பை எனக்கு ஒருவர் கோடு போட்டுக் காட்டியது அதுவே முதல் முறை.

வீடு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தில் அப்பா சிலம்பம் கற்றுக்கொடுத்தார். சிலம்பத்தில் காலடி வரிசைகளை வைத்து வீடு கட்டுவது என்பார்கள். அப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வரும் பையனைச் சுவரோரம் நிறுத்தி, கம்பை அவன் பக்கத்தில் நட்டு, நெற்றி மட்டத்தில் கத்தியால் கீறி, அந்த இடத்தில் அறுத்துக் கொடுப்பார். அண்ணன் கம்பைத் தம்பி எடுத்துச் சுழற்ற விடமாட்டார். ஆளுக்கு ஏற்றாற்போல் கம்பை அளந்து கொடுத்த நம் ஆசான்கள், நிற்கும் நிலையையும் ஆளைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். குட்டையான பையனுக்கும் நெட்டையான பையனுக்கும் அப்பா ஒரே அகலத்தில் காலை விரிக்கச் சொன்னதை நான் பார்த்ததில்லை. தாய் சீயில் கையில் கம்பு இல்லாததால் இந்த அளவு கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் கற்றுக்கொடுப்பவரும் கற்றுக்கொள்பவரும் அதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். அரைமண்டியில் பாதம் பக்கவாட்டில் திரும்ப வேண்டும் என்றால், திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும். இடுப்பு அவ்வளவு திறக்காத பிள்ளை, மேடையில் மற்றவர்களைப் போலத் தெரிய வேண்டும் என்று பாதத்தை மட்டும் திருப்பிக்கொண்டு உட்காரும். அப்போது முழங்கால் பாதத்தின் மேல் நிற்காமல் உள்ளே சரியும். நல்ல குரு அந்தப் பிள்ளையின் பாதக் கோணத்தைக் குறைத்து, முழங்காலையும் பாதத்தையும் ஒரே திசைக்குக் கொண்டுவருவார். சீஃபு எங்களுக்குச் செய்வதும் இதே வேலைதான். வில்நிலை என்று நாங்கள் சொல்லும் முன்கால் மடக்கிய நிலையில் ஒவ்வொருவரின் முழங்கால் சிப்பியிலும் விரலை வைத்து, அந்த விரல் பாதத்தின் நடுவிரலை நோக்கிக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பார். இறங்கினால் தலையசைத்து நகர்ந்துவிடுவார். உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று அவர் கேட்பதே இல்லை.

கால் வைக்கும் நீளத்துக்கு அவர் தரும் அளவு எனக்கு மிகவும் பிடித்தது. உடல் எடை முழுவதையும் பின்காலில் வைத்துக்கொண்டு, முன்காலை வெறுமையாக நீட்ட வேண்டும். எடை சிறிதும் முன்னால் போகாமல் குதிகால் எவ்வளவு தூரம் போய்த் தரையைத் தொடுகிறதோ, அவ்வளவுதான் அன்றைக்கு அந்த ஆளுடைய அடி. தொட்ட பிறகு எதுவும் நடக்காதது போல காலைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும். எடுக்க முடியவில்லை என்றால் அடி நீளம், விழுந்துதான் வைத்திருக்கிறோம். இந்த அளவு காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருக்கிறது, இரவு சரியாகத் தூங்காத நாளில் இன்னும் சுருங்குகிறது. படத்தைப் பார்த்து நின்ற காலத்தில் நான் பெரிய அடிகளை வைத்து, ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் விழுந்து, விழுந்ததை முழங்காலால் தாங்கிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே வந்த மூன்றாவது வாரத்தில்தான் உணர்ந்தேன்.

திரும்பும்போது பாதத்தைத் திருப்புவதில் தாய் சீ பயில்பவர்களிடையே இரண்டு வழக்கம் உண்டு. எடை ஏறிய காலையே குதிகாலில் சுழற்றுவது ஒன்று. எடையைப் பின்னால் வாங்கி, காலை வெறுமையாக்கிய பிறகு திருப்புவது இன்னொன்று. எடையோடு திருப்புபவர்கள் அதற்குக் காரணம் சொல்வார்கள், நகர்வு அறுபடாமல் ஓடும் என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் முழு உடம்பும் ஒரு காலில் அழுந்தியிருக்கும்போது பாதத்தைச் சுழற்றினால், தரையின் உராய்வு முழுவதும் முழங்காலுக்குப் போகிறது. சொரசொரப்பான தார்த்தரையில், ஓட்டப் பயிற்சிக்கான தடித்த அடியுள்ள காலணியோடு இதைச் செய்வது இன்னும் மோசம். மூட்டுத் தேய்மானம் உள்ள ஐந்து பேருக்கு எங்கள் வகுப்பில் இரண்டாவது வழக்கமே கட்டாயம். மற்றவர்களுக்கு விருப்பம். ஒரே வரிசையில் நின்று ஒரே நகர்வைச் செய்யும்போது ஐந்து பேர் அரை நொடி பிந்துவார்கள். பார்ப்பவர்களுக்கு வரிசை கலைந்தது போல் தெரியும். அதைப் பற்றிச் சீஃபு கவலைப்பட்டதில்லை.

தாய் சீயின் மரபு நூல்களில் வரும் அறிவுரைகளையே அவர் ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்வது முதலில் எனக்குக் குழப்பமாக இருந்தது. மார்பை உள்வாங்கி முதுகை உயர்த்து என்பது புகழ்பெற்ற தாய் சீ ஆசான் யாங் செங்ஃபூ சொல்லி எழுதி வைத்த பத்து நெறிகளில் ஒன்று. எங்கள் வகுப்பில் முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் இருக்கிறார். நெஞ்சை நிமிர்த்தியே பழகிய உடம்பு, விலா முன்னால் தள்ளி, இடுப்புக்கு மேல் முதுகு குழிந்திருக்கும். அவரிடம் மார்பை இறக்கு, இறக்கு என்று சீஃபு ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நிற்பவர் துறைமுகத்தில் நாற்பது ஆண்டு எழுத்தராக இருந்த தமிழர், நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று அழைக்கும் பெரியவர். மேசையில் குனிந்தே வளைந்த முதுகு. அவர் அந்த நெறியைப் படித்துவிட்டு வந்து மார்பை உள்வாங்கி நின்றார். சீஃபு பதறிப் போய் அவருடைய தோளைப் பிடித்து, “உங்களிடம் அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது, உங்களுக்கு உச்சந்தலை மட்டும் போதும்,” என்றார். உச்சந்தலையை மேலே யாரோ நூலால் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு நிற்பது அதே பத்து நெறிகளில் முதலாவது. அண்ணன் ஆறு மாதம் அதை மட்டுமே செய்தார். இப்போது அவர் நிற்கும்போது சட்டைக் கழுத்துக்கும் தலைமுடிக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறது, முன்பு தெரியாது. வால் எலும்பை உள்ளே வாங்கு என்ற அறிவுரையும் இப்படித்தான். கீழ்முதுகு அதிகம் குழிந்தவருக்கு அது மருந்து. ஏற்கெனவே தட்டையான முதுகு உள்ளவருக்கு அதுவே வலியைக் கொண்டுவரும்.

இது சீஃபு சொந்தமாகக் கண்டுபிடித்த தளர்வு என்று நினைப்பவர்கள் தாய் சீயின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஒரே வேரிலிருந்து வந்த குடும்பங்களே ஒரே நிலையை ஒத்துக்கொள்ளவில்லை. ஹெனான் மாநிலத்துச் சென் கிராமத்தில் கற்றுக்கொண்ட யாங் லூசானுடைய (1799–1872) பேரன்தான் யாங் செங்ஃபூ (1883–1936). பருத்த, பெரிய உடம்புக்காரர். அகன்ற, விரிந்த, நிமிர்ந்த நிலைகள் அவருடையவை. இன்று உலகெங்கும் சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் பல அவருடையவை அல்லது அவரைப் பார்த்து எடுத்தவை. யாங் வழியிலிருந்து கிளைத்த வூ ஜியான்சுவான் (1870–1942) வழியில், முன்கால் மடக்கிய நிலையில் உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும். குதிகாலிலிருந்து தலை வரை ஒரே கோடாக இருப்பதால் சாய்ந்தும் நேராக நிற்பது அது. யாங் வழி வகுப்பில் அப்படி நின்றால் திருத்துவார்கள், வூ வழி வகுப்பில் நிமிர்ந்து நின்றால் திருத்துவார்கள். சிங் யீ, பாகுவா ஆகிய வேறு சீனத் தற்காப்புக் கலைகளில் ஏற்கெனவே தேர்ந்து, பிறகு தாய் சீக்கு வந்த சுன் லூதாங் (1860–1933) உயரமாக நின்று, ஒரு கால் முன்னால் போனதும் மறுகால் பின்தொடர்ந்து வரும் நடையை வைத்தார். முழங்கால் அதிகம் மடங்காத இந்த வழிதான் இன்று மூட்டுவலிக்காரர்களுக்கான பாடத்திட்டங்களில் பெரிதும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. செங் மான்சிங் (1902–1975) யாங் செங்ஃபூவிடமே கற்றவர், இளமையில் காசநோயால் வருந்தியவர், மெலிந்த உடம்பு. ஆசானின் நீண்ட வரிசையை 37 நிலைகளாகச் சுருக்கினார், நிலைகளையும் சிறிதாக்கிக்கொண்டார். அவருடைய மாணவர் ஹுவாங் ஷெங்ஷியான் (1910–1992) வழியாக அந்த மரபு சிங்கப்பூரிலும் நம் மலேசியாவிலும் பரவியது. ஆசானுடைய உடம்பு வேறு, மாணவனுடைய உடம்பு வேறு என்பதை இந்தப் பெரியவர்கள் தங்கள் கலையிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1956 இல் சீன அரசின் விளையாட்டுத் துறை பொதுமக்களுக்காக 24 நிலைகளை வகுத்து எல்லாருக்கும் ஒன்றாக்கியது, அதனால் கோடிக்கணக்கானோர் கற்றுக்கொண்டார்கள் என்பது பெரிய நன்மை. கூடவே, ஒரே மாதிரி செய்வதுதான் சரி என்ற எண்ணமும் ஊன்றிப் போனது.

தனக்கு ஏற்றது என்ற சொல்லை வைத்துச் சோம்பலையும் நியாயப்படுத்த முடியும். இந்த வகுப்பில் நான் காணும் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன், பல்கலைக்கழக மாணவன், ஆறு மாதம் எங்களோடு பயின்றான். நல்ல மூட்டு, நல்ல தசை. எங்களுக்கு நடுவில் நின்றதால் அவனும் எங்களைப் போலவே உயரமாக நின்று பழகினான். சீஃபு அவனை இன்னும் இறங்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்பா இருந்திருந்தால் அவனைக் கம்போடு அரைமணி நேரம் தாழ்ந்த நிலையில் நிறுத்தியிருப்பார். எளிதாக இருப்பது ஒருவருக்கு ஏற்றதாகிவிடாது. தொடையில் சதை எரிவதும் நடுங்குவதும் பயிற்சி நடக்கிறது என்பதற்கு அடையாளம். மூட்டுக்குள் குத்துவதும், மறுநாள் படி இறங்கும்போது வலிப்பதும், முழங்கால் வீங்குவதும் நிறுத்து என்பதற்கு அடையாளம். இந்த இரண்டையும் பிரித்தறிய எங்களுக்குச் சீஃபு நன்றாகவே கற்றுக்கொடுத்தார். முதியவர்களிடம் அவர் காட்டும் அதே கூர்மையான கண்ணை இளைஞர்களிடமும் காட்டினால் வகுப்பு முழுமை பெறும். இதை அவரிடமே சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, சரிதான் என்றார். அந்தப் பையன் அதற்குள் படிப்புக்காகக் கோலாலம்பூர் போய்விட்டான்.

சண்டைக்கலையாகத் தாய் சீயைக் கற்க விரும்புபவர்களுக்கு இந்த வகுப்பு மெதுவாகத் தோன்றும். இருவர் எதிரெதிரே நின்று கைகளைத் தொட்டுத் தள்ளிப் பழகும் துய் ஷோ பயிற்சிக்கு எட்டு மாதத்துக்குப் பிறகுதான் அனுமதிக்கிறார். நான் பத்தாவது மாதத்தில் தொடங்கினேன். தொடங்கிய முதல் நாளே, நிற்கும் நிலையைப் பற்றி நான் புரிந்துகொண்டதெல்லாம் சோதனைக்கு வந்தது. எதிரில் நின்றவர் என்னைவிட ஒரு தலை உயரமான சீனப் பெண்மணி. அவர் உள்ளங்கையை என் முன்கையில் வைத்து மெல்ல அழுத்தினார். நான் படத்தில் இருப்பது போல அழகாக நிமிர்ந்து நின்றேன், பின்னால் இரண்டு அடி போனேன். மறுபடியும் நின்றபோது சீஃபு என் வலது பாதத்தின் முன்பகுதியைத் தம் பாதத்தால் வெளியே, சுண்ணக்கோட்டில் இருந்த அந்தக் கோணத்துக்குத் தள்ளினார். அதே அழுத்தம் வந்தது. முன்கையிலிருந்து தோள், முதுகு, இடுப்பு வழியாக அது இறங்கி, வலது பாதத்தின் வெளி ஓரத்தில் போய்த் தரையில் அமர்ந்ததை உணர்ந்தேன். நான் எதையும் செய்யவில்லை, நகரவும் இல்லை. முந்தைய வகுப்பில் தட்டித் தட்டி உள்ளே திருப்பப்பட்ட அதே பாதம், தன் இடத்தில் இருக்கும்போது என்னைத் தாங்கியது. அன்றைக்கு என் கண் கலங்கியதை அந்தப் பெண்மணி வியர்வை என்று நினைத்திருப்பார்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழை வந்தால் வகுப்பு இல்லை, ஒதுங்குவதற்குக் கூரையுள்ள இடத்தை அவர் ஏற்பாடு செய்துகொள்ளவில்லை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பல வகுப்புகள் இப்படிப் போகின்றன, கட்டணம் குறைவதில்லை. தமிழ் மட்டும் பேசும் பெரியவர்களுக்கு விளக்கங்கள் எட்டாது. அண்ணனோ நானோ பக்கத்தில் இருந்தால் எடுத்துச் சொல்கிறோம், இல்லாத நாளில் சிரமந்தான். வலி எங்கே என்று கேட்டால் சில நேரம் சீ, அதாவது உடம்பில் ஓடுவதாகச் சீன மரபு சொல்லும் உயிராற்றல், அடைபட்டிருக்கிறது என்கிறார். அதை நான் உடம்பை உணர்வதற்கான ஓர் உருவகமாக எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வீங்கிய மூட்டோடு வருபவர் அந்த விளக்கத்தோடு நின்றுவிடாமல் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் சீஃபு தடையாக இருப்பவரும் அல்லர், என்னுடைய பிசியோ குறிப்பைத் தாமே கேட்டு வாங்கிப் படித்தார். குரங்குகள் உண்டு. பையில் வாழைப்பழம் வைத்திருந்தால் நிலை கலையும்.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு என் கணக்கைச் சொல்கிறேன். முழங்கால் வலி ஐந்தாவது மாதத்தில் குறைந்து, எட்டாவது மாதத்துக்குப் பிறகு நீண்ட நேரம் நின்றால் மட்டுமே வருகிறது. இந்த ஆண்டுத் தைப்பூசத்தில் படிகளை இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறி முடித்தேன். பிசியோ பயிற்சிகளையும் வீட்டில் விடாமல் செய்தேன் என்பதால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. தாய் சீ முழங்காலுக்கு நல்லதா என்பதை அமெரிக்காவில் ஆய்ந்து பார்த்திருக்கிறார்கள். முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 12 வாரம் தாய் சீயும் மறுபிரிவுக்கு வழக்கமான பிசியோ சிகிச்சையும் தந்து, 2016 இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பிரிவிலும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. அந்த ஆய்வில் தாய் சீ கற்றுக்கொடுத்தவர்கள் நல்ல அனுபவம் உள்ளவர்கள். தாய் சீ என்ற பெயர் மட்டும் ஒருவருடைய முழங்காலைக் காப்பாற்றாது என்பதற்கு என்னுடைய முதல் நான்கு மாதமே சாட்சி.

எங்கேயாவது சேர நினைப்பவர்கள் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து முழுவதும் பார்த்துவிட்டுச் சேருங்கள். எந்த வழி, எத்தனை நிலை, ஆசிரியர் யாரிடம் கற்றவர் என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் ஒருவரைத் திருத்தும்போது முதலில் எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள். கையையும் உயரத்தையும் பார்த்துவிட்டு நகர்கிறாரா, அல்லது முழங்காலையும் பாதத்தையும் முதுகையும் பார்த்து, அந்த ஆளிடம் ஏதாவது கேட்கிறாரா? அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பேருக்கு ஒரே திருத்தத்தைச் சொல்கிறாரா, வேறு வேறாகச் சொல்கிறாரா? வலிக்கிறது என்று யாராவது சொன்னால் அவருடைய முகம் எப்படி மாறுகிறது? அந்த ஒரு மணி நேரத்தில் இவை தெரிந்துவிடும்.

இந்த வகுப்பின் கட்டணம் மாதம் 60 ரிங்கிட். சேர்க்கைக் கட்டணம் இல்லை. தட்டையான, மெல்லிய அடியுள்ள துணிக் காலணி போதும். சனிக்கிழமைகளில் ஜாலான் கெபுன் புங்ஙாவில் கார் நிறுத்த இடம் கிடைப்பது கடினம், ஏழு மணிக்கு முன்பே வந்துவிடுவது நல்லது. புதியவர்களைச் சீஃபு திங்கட்கிழமைகளில் மட்டும் சேர்த்துக்கொள்கிறார், ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு மேல் இல்லை, ஏனென்றால் கோடு போட்டுப் பார்க்க அவருக்கு ஒருவருக்கு இருபது நிமிடமாவது வேண்டும். மழை பெய்து கோடுகள் அழிந்துபோனால் அடுத்த வகுப்பில் மறுபடியும் எல்லாருக்கும் போடுகிறார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபோது என் அலமாரியில் மீந்திருந்த நான்கு பெட்டிச் சுண்ணக்கட்டிகளை அவரிடம் கொடுத்துவிட்டேன். இப்போது மூன்றாவது பெட்டி நடக்கிறது.